சிக்னல் முழுதாக இருக்கிறது. வேகம் எங்கே போனது?

போர்ட் கிள்ளான் படகுத்துறையில் பூலாவ் கெத்தாம் படகுக்காகக் காத்திருப்பவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? கைப்பேசியின் மூலையில் சிக்னல் கோடுகள் அத்தனையும் நிறைந்து நிற்கும். திரையில் மட்டும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். "லைன் ஃபுல்லா காட்டுது, ஆனா ஓட மாட்டேங்குதே" என்று யாராவது ஒருவர் கைப்பேசியை உள்ளங்கையில் தட்டிப் பார்ப்பார்.

இதற்குப் பல காரணங்கள் உண்டு. ஒரே கோபுரத்தை நிறையப் பேர் பயன்படுத்தியிருக்கலாம். மாதத்திற்கான டேட்டா தீர்ந்திருக்கலாம். இவை எல்லாருக்கும் தெரிந்தவை. ஆனால் கோபுரத்தில் கூட்டமே இல்லாத நேரத்திலும், டேட்டா நிறைய மிச்சம் இருந்தும் வேகம் படுத்துவிடுவது உண்டு. அதற்கு ஒரு வேடிக்கையான காரணம் இருக்கிறது. வழியில் ஒரு தகவல் தொலைந்தால், அது ஏன் தொலைந்தது என்பதை அனுப்பும் கணினி தப்பாகப் புரிந்துகொள்கிறது. 1990-களில் கம்பியில்லா இணையம் தலைதூக்கியபோது இந்தச் சிக்கல் பெரிதாக வெடித்தது. அதை அவிழ்த்தவர்களில் ஒருவர் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். அவர் கதைக்கு வருமுன், தகவல் எப்படிப் பயணம் செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

எண் போட்ட பெட்டிகள்

புலனத்தில் நண்பர் ஒரு படம் அனுப்புகிறார். அளவு 3 மெகாபைட் என்று வைத்துக்கொள்வோம். அது ஒரே துண்டாக வராது. பெரும்பாலும் ஒவ்வொன்றும் 1,460 பைட் கொண்ட சிறு பொட்டலங்களாக உடைக்கப்பட்டு வரும். வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய 2,055 பொட்டலங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு.

நமது துறைமுகத்தையே எடுத்துக்கொள்வோம். வெஸ்ட்போர்ட்ஸ் முனையத்திலிருந்து ஷா ஆலாமில் உள்ள ஒரு தொழிற்சாலைக்கு 2,055 பெட்டிகள் போக வேண்டும். லோரிகள் வரிசையாகக் கிளம்புகின்றன. தொழிற்சாலை வாசலில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தா ஒவ்வொரு பெட்டி வரும்போதும் துறைமுகத்துக்குத் தகவல் சொல்கிறார்: "17 வரை வந்துவிட்டது. அடுத்து 18 வேண்டும்." 18-ஆம் பெட்டி வழியில் காணாமல் போய் 19, 20, 21 வந்து சேர்ந்தால், அவர் மூன்று முறையும் அதே வாசகத்தைத்தான் சொல்வார்: "18 வேண்டும், 18 வேண்டும், 18 வேண்டும்." ஒரே பதில் மூன்று முறை திரும்ப வந்தவுடன் துறைமுகத்தில் இருப்பவருக்கு விஷயம் புரிந்துவிடும். 18-ஐ மறுபடி அனுப்புவார். பதிலே வராவிட்டால் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மறுபடி அனுப்புவார்.

இந்த ஏற்பாட்டுக்கு டிசிபி என்று பெயர். விண்டன் சர்ஃப், ராபர்ட் கான் என்ற இரு அமெரிக்கர்கள் 1974-இல் இதன் அடிப்படையை எழுதி வெளியிட்டார்கள். 1983 ஜனவரி 1 அன்று, இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் முழுவதும் இந்த முறைக்கு மாறியது. இன்றும் நீங்கள் திறக்கும் இணையப் பக்கங்களில் பல இதே முறையில்தான் வந்து சேர்கின்றன.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: முதல் பெட்டிக்குப் பதில் வரும்வரை இரண்டாவதை அனுப்பாமல் இருந்தால் வேலை ஆகாது. பதில் வராத நிலையில் ஒரே நேரத்தில் எத்தனை லோரிகள் சாலையில் இருக்கலாம் என்று ஓர் எண்ணிக்கை வேண்டும். அதைச் சாளரம் என்கிறோம். சாளரம் பெரிதானால் வேகம் கூடும், சிறிதானால் குறையும். சிக்கல் எல்லாம் இந்த ஓர் எண்ணில்தான் இருக்கிறது.

1986: இணையம் மூச்சுத் திணறிய ஆண்டு

ஆரம்பத்தில் இந்தச் சாளரத்தைச் சுருக்குவதற்குச் சரியான விதி எதுவும் இல்லை. 1986 அக்டோபரில் அதன் விளைவு தெரிந்தது. கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே உள்ள தூரம் சுமார் 400 கெஜம், அதாவது ஒரு பள்ளித் திடலை ஒரு சுற்று சுற்றிவரும் தூரம். அவற்றுக்கிடையே விநாடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த தகவல் திடீரென்று விநாடிக்கு 40 பிட்டாக விழுந்தது. 800-இல் ஒரு பங்கு!

நடந்தது இதுதான். வழியில் உள்ள ரவுட்டர்களுக்குக் கொள்ளளவு குறைவு. நிரம்பியதும் வரும் பொட்டலங்களைக் கீழே போட்டுவிடும். தொலைந்ததை எல்லாரும் உடனே மறுபடி அனுப்பினார்கள். அதனால் நெரிசல் இன்னும் கூடியது, இன்னும் நிறையப் பொட்டலங்கள் தொலைந்தன, அவற்றையும் மறுபடி அனுப்பினார்கள். டோல் சாவடியில் சிக்கிய லோரி ஒவ்வொன்றுக்கும் பதிலாகத் துறைமுகத்திலிருந்து இன்னொரு லோரியைக் கிளப்பிவிட்டால் என்ன ஆகுமோ அதுவேதான்.

அந்த ஆய்வகத்தில் வேலை செய்த வான் ஜேக்கப்சன், மைக்கேல் காரல்ஸ் என்பவரோடு சேர்ந்து இதை ஆராய்ந்து 1988-இல் தீர்வை வெளியிட்டார். கரு எளிமையானது. பொட்டலம் தொலைந்தால் வழியில் நெரிசல் என்று எடுத்துக்கொள், உடனே சாளரத்தைச் சுருக்கு, பிறகு மெதுவாக ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார். பின்னர் இது நிலைபெற்ற வடிவத்தில், ஒரு பொட்டலம் தொலைந்தால் சாளரம் பாதியாகும். 40 இருந்தால் 20. அதன்பின் ஒரு முறை போய்வரும் நேரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் ஏறும். இறங்குவது ஒரே தாவலில், ஏறுவது படிப்படியாக. பாம்பும் ஏணியும் விளையாட்டில் பாம்புகள் மட்டும் இருப்பது போல.

"தொலைந்தால் நெரிசல்" என்று அவ்வளவு உறுதியாக எப்படிச் சொன்னார்கள்? பெரும்பாலான வழிகளில் பொட்டலம் கெட்டுப்போய்த் தொலைவது 1 விழுக்காட்டைவிட மிக மிகக் குறைவு என்று அந்தக் கட்டுரையிலேயே எழுதியிருக்கிறார்கள். செம்புக் கம்பிக்கும் கண்ணாடி இழைக்கும் அது சரியான கணிப்பு. இன்று இணையம் அத்தனை கோடிப் பேரைத் தாங்கி நிற்பதற்கு இந்த ஒரு விதிக்குப் பெரிய பங்கு உண்டு.

காற்று கம்பியைப் போன்றதல்ல

பிறகு கம்பி போய்விட்டது. மடிக்கணினியும் கைப்பேசியும் வானொலி அலைகளில் பேச ஆரம்பித்தன.

படிவம் 4 இயற்பியலில் அலைகளின் குறுக்கீட்டைப் படித்திருப்பீர்கள். இரண்டு அலைகளின் முகடுகள் சேர்ந்தால் வலுக்கும், ஒன்றின் முகடும் மற்றதன் அகடும் சேர்ந்தால் அழிந்துபோகும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர். ரவுட்டரிலிருந்து நேராக வரும் அலையும், சுவரிலோ இரும்பு அலமாரியிலோ பட்டுத் திரும்பி வரும் அலையும் உங்கள் கைப்பேசியில் சந்திக்கின்றன. கைப்பேசியைச் சில சென்டிமீட்டர் நகர்த்தினாலே நன்றாக வந்த சிக்னல் மங்கிவிடலாம்.

இப்போது துறைமுகத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு பெரிய கொள்கலன் 12 மீட்டர் நீளம், 2.6 மீட்டர் உயரம், முழுக்க எஃகு. அதை ஐந்து அடுக்கு வைத்தால் 13 மீட்டர் உயர இரும்புச் சுவர். நடுவில் பாரந்தூக்கிகள் நகர்ந்துகொண்டே இருக்கும், கப்பல் வரும், போகும். வானொலி அலைகளைப் பொறுத்தவரை இது நிமிடத்துக்கு நிமிடம் இடம் மாறும் கண்ணாடிகள் நிறைந்த அறை. வீட்டிலும் நிலைமை ரொம்ப மேல் இல்லை. மைக்ரோவேவ் அடுப்பு ஏறத்தாழ அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில்தான் இயங்குகிறது. பக்கத்து வீட்டு வைஃபையும் அங்கேதான்.

ஆகவே காற்றில் பொட்டலங்கள் கெட்டுப்போவது சாதாரணம். ஒரு லோரி பள்ளத்தில் இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாலை காலியாகத்தான் இருக்கிறது. துறைமுகத்தில் இருப்பவரோ, "பெட்டி வரவில்லையா? அப்படியானால் கடுமையான நெரிசல்" என்று லோரிகளைப் பாதியாகக் குறைத்துவிடுகிறார். செய்ய வேண்டியது அந்த ஒரு பெட்டியை உடனே மறுபடி அனுப்புவது மட்டும்தான். அவர் செய்வது நேர் எதிர்.

இந்தத் தப்பின் விலை எவ்வளவு? மேத்யூ மேத்திஸும் உடன் பணியாற்றியவர்களும் 1997-இல் ஒரு சூத்திரம் கொடுத்தார்கள். பழைய டிசிபியின் வேகம், பொட்டல அளவை 1.22-ஆல் பெருக்கி, போய்வரும் நேரத்தாலும், தொலையும் விகிதத்தின் வர்க்கமூலத்தாலும் வகுத்தால் ஏறத்தாழக் கிடைக்கும். போட்டுப் பார்ப்போம். படம் அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து வருகிறது. போய்வர 0.2 விநாடி ஆகிறது. நூற்றில் ஒரு பொட்டலம் காற்றில் கெடுகிறது. பொட்டலம் 1,460 பைட், அதாவது 11,680 பிட். 1.22-ஆல் பெருக்கினால் சுமார் 14,250. 0.2-ஆல் வகுத்தால் 71,250. 0.01-இன் வர்க்கமூலம் 0.1, அதனாலும் வகுத்தால் 7,12,500.

விநாடிக்கு 0.7 மெகாபிட்! நீங்கள் 100 மெகாபிட் திட்டத்துக்குக் காசு கட்டியிருந்தாலும் சரி, சாலை முழுக்கக் காலியாக இருந்தாலும் சரி, ஓர் இணைப்புக்கு இவ்வளவுதான். அந்த 3 மெகாபைட் படம் வந்து சேர 34 விநாடி ஆகும். நூற்றில் தொண்ணூற்றொன்பது பொட்டலங்கள் ஒழுங்காகத்தான் வந்தன என்பதை மறந்துவிடாதீர்கள்.

இங்கே வகுப்பில் எப்போதும் ஒரு கை உயரும். "சார், அப்படியென்றால் தொலைந்ததைக் கண்டுகொள்ளாதே என்று டிசிபிக்குச் சொல்லிவிட்டால் என்ன?" நல்ல கேள்வி. ஆனால் சொன்னால் மறுபடியும் 1986தான். இந்த முறை 400 கெஜத்தில் இருக்காது, உலகம் முழுக்க இருக்கும். தொலைந்த பொட்டலம் திரும்பி வந்து, "நான் நெரிசலில் செத்தேன்", "நான் காற்றில் செத்தேன்" என்று சொல்லப்போவதில்லை. அனுப்பும் கணினிக்கு இரண்டும் ஒரே மாதிரியான மௌனம்தான்.

கோபுரத்தடியில் ஒரு கவனமான ஆள்

ஹரி பாலகிருஷ்ணன் 1993-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் கணினி அறிவியல் பட்டம் பெற்றவர். (அவருடைய தந்தை வி. பாலகிருஷ்ணன் அங்கே இயற்பியல் பேராசிரியராக இருந்தவர். அவருடைய பாடங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. படிவம் 6-க்குப் போனபின் தேடிப் பாருங்கள்.) மேற்படிப்புக்கு அவர் போன இடம் அதே பெர்க்லி. 1995-இல், பட்டம் பெற்று இரண்டே ஆண்டுகளில், ஸ்ரீனிவாசன் சேஷன், இலான் அமீர், பேராசிரியர் ராண்டி காட்ஸ் ஆகியோரோடு சேர்ந்து ஒரு தீர்வை வெளியிட்டார். நம் நாட்டில் அப்போது ஜாரிங் சேவை வழியாகத் தொலைபேசிக் கம்பியில் இணையம் மெல்லத் தவழ்ந்துகொண்டிருந்த காலம்.

அவர்களுக்கு முன்பே இன்னொரு வழி இருந்தது. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் பத்ரிநாத், பாக்ரே இருவரும் இணைப்பை இரண்டாக வெட்டினார்கள். கம்பிப் பகுதிக்கு ஒரு டிசிபி, காற்றுப் பகுதிக்கு இன்னொன்று. நடுவில் உள்ள கோபுர நிலையம் பெட்டியை வாங்கிக்கொண்டு, "வந்து சேர்ந்தது" என்று தானே கையெழுத்துப் போட்டுவிடும். வேகம் கூடியது, உண்மைதான். ஆனால் கையெழுத்துப் போட்டபின் அந்த நிலையத்தில் மின்சாரம் போய்விட்டால்? உங்கள் கைக்குப் பெட்டி வரவே இல்லை. அனுப்பியவரோ வந்துவிட்டது என்று நம்பித் தன் நகலை அழித்திருப்பார். பள்ளிக்கு அனுப்பிய இடுபணி இப்படிப் போனால் யாரிடம் போய்ச் சொல்வது?

பெர்க்லி குழு கையெழுத்தில் கை வைக்கவில்லை. கோபுர நிலையத்தில் ஒரு சிறு மென்பொருளை உட்காரவைத்தார்கள். பெயர் ஸ்னூப். எட்டிப் பார்ப்பவன் என்று சொல்லலாம். தன் வழியாகப் போகும் ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளும். மறுபக்கத்திலிருந்து வரும் பதில்களையும் எட்டிப் பார்க்கும். "18 வேண்டும், 18 வேண்டும்" என்று மடிக்கணினியிடமிருந்து பதில் திரும்பத் திரும்ப வருகிறதா? 18-இன் நகல் கையில் இருக்கிறதா? இருந்தால், அது கம்பிப் பகுதியைப் பத்திரமாகக் கடந்து வந்துவிட்டது என்று அர்த்தம். தொலைந்தது காற்றில்தான். இதோ, இவ்வளவு நேரம் யாராலும் பதில் சொல்ல முடியாத கேள்விக்கு விடை! காரணம் தெரியக்கூடிய ஒரே இடத்தில் ஆளை வைத்துவிட்டார்கள்.

பிறகு ஸ்னூப் இரண்டு வேலை செய்யும். 18-இன் நகலை உடனே மறுபடி அனுப்பும். கூடவே, "18 வேண்டும்" என்ற அந்தப் புலம்பலை அனுப்பியவருக்குப் போகவிடாமல் தடுத்துவிடும். அனுப்பியவருக்கு ஒன்றும் தெரியாது. சாளரம் சுருங்காது. 18 கம்பியிலேயே தொலைந்திருந்தால் ஸ்னூப்பிடம் நகல் இருக்காது. அப்போது புலம்பல் அப்படியே போய்ச் சேரும், நெரிசல் விதியும் வழக்கம்போல வேலை செய்யும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதன் அடக்கம். வந்து சேராத எதையும் வந்துவிட்டது என்று அது ஒருபோதும் சொல்வதில்லை. நிலையம் பழுதாகி நகல்கள் எல்லாம் போனாலும் வேகம்தான் குறையும், தகவல் தொலையாது. உலகில் உள்ள சேவையகக் கணினிகள் எதையும் மாற்றத் தேவையில்லை. விநாடிக்கு 2 மெகாபிட் வேகம் கொண்ட வேவ்லேன் என்ற கம்பியில்லா வலையில், ஐ.பி.எம். மடிக்கணினிகளை வைத்துச் சோதித்தார்கள். காற்று மிக மோசமாக இருந்த நிலையில் சாதாரண டிசிபியைவிட 20 மடங்குவரை வேகம் கிடைத்தது. மறு ஆண்டு வெங்கட பத்மநாபனும் சேர்ந்துகொள்ள, அப்போதிருந்த பல தீர்வுகளை ஒன்றோடொன்று மோதவிட்டு ஒப்பிட்டார்கள். டிசிபியின் போக்கை அறிந்துகொண்டு காற்றுப் பகுதியிலேயே மறுபடி அனுப்பும் முறை அதில் முன்னணியில் நின்றது. கம்பியில்லா வலை, இணையப் போக்குவரத்து முதலிய பல துறைகளில் செய்த பணிக்காக ஹரி பாலகிருஷ்ணனுக்கு 2023-இல் மார்க்கோனி பரிசு கிடைத்தது. இப்போது அவர் எம்.ஐ.டி.யில் பேராசிரியர்.

அதோடு முடிந்துவிட்டதா?

இல்லை. தொலைந்ததைக் காற்றுப் பகுதியிலேயே மறுபடி அனுப்பிச் சரிசெய்யும் வேலையை இன்றைய வைஃபையும் 4ஜி, 5ஜி கோபுரங்களும் தாங்களே செய்துவிடுகின்றன. அனுப்பும் கணினியின் கண்ணுக்குப் பொட்டலங்கள் முன்போலத் தொலைவதில்லை, தாமதமாகின்றன. இதிலிருந்து அடுத்த தலைவலி பிறந்தது. எதையும் தொலைக்கக் கூடாது என்று கோபுரங்களிலும் ரவுட்டர்களிலும் பெரிய பெரிய கிடங்குகளை வைத்தார்கள். கிடங்கு நிரம்பினால்தானே பொட்டலம் கீழே விழும், விழுந்தால்தானே டிசிபிக்கு நெரிசல் என்று தெரியும்? அதுவரை அது லோரிகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். விளையாட்டில் நீங்கள் சுட்டு அரை விநாடி கழித்துக் குண்டு கிளம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

2016-இல் கூகுள் நிறுவனத்திலிருந்து பிபிஆர் என்ற புதிய முறை வந்தது. தொலைந்ததா இல்லையா என்பதை முதல் அடையாளமாகப் பார்க்காமல், பெட்டிகள் என்ன வேகத்தில் போய்ச் சேர்கின்றன, போய்வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்து சாளரத்தை வைக்கும். அதை உருவாக்கிய ஐவரில் ஒருவர் யார் தெரியுமா? "தொலைந்தால் நெரிசல்" என்ற விதியை 1988-இல் தந்த அதே வான் ஜேக்கப்சன்.

ஸ்னூப்பை அதன் பழைய வடிவில் இன்று பெரும்பாலும் பயன்படுத்த முடியாது. 2021-இல் தரநிலையாக்கப்பட்ட குவிக் என்ற புதிய முறையில் பெட்டிகளின் வரிசை எண்களும் பூட்டப்பட்டே போகின்றன. வழியில் யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்காக. திருடன் பார்க்க முடியாது. உதவ நினைப்பவனும் பார்க்க முடியாது.

வீட்டில் செய்து பார்க்க ஒரு சோதனை. கைப்பேசியில் பிங் அனுப்பும் இலவசச் செயலி ஒன்றை நிறுவிக்கொள்ளுங்கள். வீட்டு ரவுட்டரின் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இணைந்து, ரவுட்டரின் முகவரிக்கு 100 பிங் அனுப்புங்கள். பல வீடுகளில் அந்த முகவரி 192.168.0.1 அல்லது 192.168.1.1 ஆக இருக்கும். முதலில் ரவுட்டர் பக்கத்தில் நின்று அனுப்புங்கள். அடுத்து இரண்டு சுவர் தள்ளி, குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால். மூன்றாவது, ஒரு கோப்பைத் தண்ணீரை மைக்ரோவேவில் சூடாக்கும்போது, அதிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்று. அடுப்பைக் காலியாக ஓடவிடாதீர்கள், அது கெட்டுப்போகும். ஒவ்வொரு முறையும் எத்தனை தொலைந்தன, சராசரித் தாமதம் எத்தனை மில்லிவிநாடி, அதிகபட்சத் தாமதம் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். தொலைந்த எண்ணிக்கை மூன்று இடத்திலும் பூஜ்யமாகவே இருந்தால் சோதனை தோற்றுவிட்டது என்று நினைக்க வேண்டாம். அதிகபட்சத் தாமதம் எங்கே எகிறியிருக்கிறது என்று பாருங்கள். அந்த இடத்தில் உங்கள் ரவுட்டர் சத்தமில்லாமல் அதே பெட்டியை இரண்டு, மூன்று முறை அனுப்பியிருக்கக்கூடும்.